இறங்கும் இடத்தை யாரும் சொல்ல மாட்டார்கள்

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. நர்ஸ் வேலை, ஏப்ரலில் சேர வேண்டும். நான் டோர்ட்முண்டில் ஏழு வருடமாக அதே வேலைதான் பார்க்கிறேன். லீவில் ஆடுதுறைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வயலில் உளுந்து காய்த்துக் கிடக்கிறது, கரண்ட் போய்ப் போய் வருகிறது, சாயங்காலமானால் அவளும் அவள் அம்மாவும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். பொண்ணு கேட்பதெல்லாம் சம்பளம், சமையல், குளிர். அத்தை, அதாவது அவள் அம்மா, மட்டும் முதல் நாளே சரியான கேள்வியைக் கேட்டார்: "ஏன்டி கண்ணு, அங்க பஸ்ல எறங்குற எடத்த யாரு சொல்லுவா?"

யாரும் சொல்ல மாட்டார்கள், அத்தை. அதைப் பற்றித்தான் இது முழுக்க.

நம் பக்கத்தில் பயணம் என்றால் கேட்டுக்கொண்டே போவது. மாயவரம் பஸ்ஸில் ஏறி "திருவாலங்காடு வந்தா சொல்லுங்கண்ணே" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்தது, தூங்கலாம். அவர் மறந்தாலும் பக்கத்து சீட்டு அம்மா எழுப்பிவிடுவார். ஜெர்மனியில் கண்டக்டரே கிடையாது. பக்கத்து சீட்டு அம்மா நல்லவர்தான், ஆனால் நீயாகக் கேட்காமல் வாய் திறக்க மாட்டார். எல்லாத் தகவலும் எங்கேயோ ஒரு பலகையில், ஒரு திரையில், ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கும். படிக்கத் தெரிந்தவள் ராணி. தெரியாதவள் என்னைப் போல ஹாகனில் போய் நிற்பாள். அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து நம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. எதிர்வீட்டுப் பெண் காலேஜுக்கு அந்த ஓசி பஸ்ஸிலேயே போய் வந்தவள். காசு கொடுத்து டவுன் பஸ் டிக்கெட் எடுக்கும் பழக்கமே விட்டுப்போயிருக்கும். அங்கே ரயில்வே ஸ்டேஷனுக்குள் போக கேட்டோ தடுப்போ எதுவும் இல்லை. யாரும் கேட்கவும் மாட்டார்கள். அதனால் இலவசம் போலவே தோன்றும். திடீரென்று ஒரு நாள் ஜீன்ஸ் போட்ட இரண்டு பேர் எழுந்து "ஃபார்கார்டன், பிட்டே" என்பார்கள். அவர்கள்தான் செக்கர். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ.

நான் டிக்கெட் வைத்திருந்தே 60 யூரோ கட்டினேன். வந்த மூன்றாவது வாரம், எந்த ஊர் என்று வேண்டாம். மிஷினில் டிக்கெட் எடுத்து, பத்திரமாகப் பர்ஸில் வைத்து, ஏறி உட்கார்ந்தேன். சில ஊர்களில் மிஷின் தரும் டிக்கெட் வெறும் தாள்தான். பிளாட்ஃபாரத்திலோ வண்டிக்குள்ளோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். என்ட்வெர்ட்டர் என்று பெயர். அதில் டிக்கெட்டின் முனையைச் செருகினால் 'டக்' என்று தேதியும் நேரமும் அடித்துக் கொடுக்கும். அந்த முத்திரை விழுந்தால்தான் டிக்கெட்டுக்கு உயிர். எனக்கு அது தெரியாது. "தெரியாது" என்று சொன்னேன். செக்கர் தலையாட்டிக்கொண்டே ரசீது எழுதினார். கோபம் இல்லை, திட்டு இல்லை. நம் ஊர்ச் செக்கர் என்றால் நாலு வார்த்தை பேசிவிட்டு "சரி, போம்மா" என்றிருப்பார். அந்த நாலு வார்த்தைக்கு அன்றைக்கு ஏங்கினேன்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் டொய்ச்லாண்ட்டிக்கெட் எடுத்துவிடு. 2023 மே மாதம் 49 யூரோவில் ஆரம்பித்தார்கள், 2025 ஜனவரியில் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ஒரு மாதத்துக்கு நாடு முழுக்க டவுன் பஸ், டிராம், சுரங்க ரயில், எஸ்-பான், ஆர்.பி., ஆர்.இ. என்று எழுதிய ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும். ஐ.சி.இ., ஐ.சி., இ.சி. என்ற வேக ரயில்களில் மட்டும் செல்லாது. அதாவது பாசஞ்சர் வண்டி முழுக்க உனக்கு, எக்ஸ்பிரஸ் இல்லை. மாதாமாதம் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், 11ஆம் தேதி நினைவு வந்தால் அடுத்த மாதக் காசும் போச்சு. வேலை செய்யும் இடத்தில் "ஜாப்டிக்கெட் உண்டா?" என்று முதல் வாரமே கேள். முதலாளி கால் பங்காவது போட்டால் மேற்கொண்டு 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். உன் பெயரில் உள்ள டிக்கெட், அதனால் அடையாள அட்டையும் கையில் இருக்கணும். போனில்தான் டிக்கெட் என்றால் போனில் சார்ஜ் இருக்கணும். சார்ஜ் இல்லாத போன் டிக்கெட் இல்லாத பயணிதான்.

பெரும்பாலும் இதற்கு அங்குள்ள வங்கிக் கணக்கு கேட்பார்கள், கணக்குக்கு விலாசப் பதிவு கேட்பார்கள். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று அதற்கு வேண்டும், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடு. வாங்கின கையோடு தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டு. அங்கே வீட்டுக்குக் கதவு எண் உண்டு, உள்ளே குடியிருக்கும் பிளாட்டுக்குப் பெரும்பாலும் எண் இல்லை. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் வங்கி அட்டை, வரி எண் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். நம் தபால்காரர் "பெரிய வீட்டு மருமக" என்றாலே கொண்டுவந்து கொடுப்பார். இங்கே எங்கள் வீட்டுக்கு இன்னும் அப்படித்தான் கடிதம் வருகிறது.

சரி, பஸ்ஸுக்கு வருவோம். விசில் கிடையாது. இறங்கணும் என்றால் கம்பியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை நீ அழுத்த வேண்டும். அழுத்தாமலும் ஸ்டாப்பில் யாரும் கை காட்டாமலும் இருந்தால் டிரைவர் போய்க்கொண்டே இருப்பார். ரயில் கதவும் அப்படித்தான். முதல் நாள் வண்டி வந்து நின்றது, கதவு திறக்கும் என்று நானும் கதவுக்கு எதிரே நின்றேன். வண்டியும் நின்றது, நானும் நின்றேன். பின்னாலிருந்து ஒரு தாத்தா கைத்தடியை நீட்டி, பச்சையாக மின்னிக்கொண்டிருந்த பொத்தானைத் தட்டினார். கதவு திறந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை.

கால அட்டவணை படிப்பது தனி வித்தை. ஸ்டேஷனில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் புறப்பாடு, வெள்ளைத் தாள் என்றால் வருகை. புதிதாய் வருகிறவர்கள் வெள்ளையைப் படித்துவிட்டு ஓடுவார்கள். 'வெர்க்டாக்ஸ்' என்று போட்டிருந்தால் வேலை நாள், அதில் சனிக்கிழமையும் சேர்த்தி. ஞாயிறும் பண்டிகை நாளும் தனி நேரம். இதில் நான் மாட்டினேன். காலை ஷிஃப்ட்டுக்கு ஆறு மணிக்கெல்லாம் வார்டில் இருக்கணும். ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல ஐந்தே காலுக்கு ஸ்டாப்பில் நிற்கிறேன். பஸ் வரவில்லை. தெருவில் ஒரு ஜீவன் இல்லை. அன்றைக்கு ஃப்ரோன்லைஷ்னாம் என்ற கிறிஸ்தவத் திருநாள், எப்போதும் வியாழனில்தான் வரும், எங்கள் மாநிலத்தில் அரசு விடுமுறை. பெர்லினில் அதே நாள் சாதாரண வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணைப்படி முதல் பஸ் வரும்போது நான் பாதி வழி நடந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்ததும் உன் மாநிலத்தின் விடுமுறைப் பட்டியலை எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டு. கடைக்கும் அதே பட்டியல்தான், ஞாயிறும் விடுமுறையும் பெரும்பாலும் பெரிய ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும்.

நேரம் சொல்கிற முறையில் நமக்கு ஒரு வில்லங்கம் இருக்கிறது. 'ஹால்ப் ஆக்ட்' என்று சொன்னால், வார்த்தைக்கு வார்த்தை 'அரை எட்டு'. நம் பெண்கள் எல்லாரும் அதை எட்டரை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஏழரை. எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. தெற்கிலும் கிழக்கிலும் 'முக்கால் எட்டு' என்பார்கள், அது ஏழே முக்கால். எட்டேமுக்கால் இல்லை! ஒருமுறை கணக்குப் பிடிபட்டால் மறக்காது. எண்ணும் தலைகீழ்: இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்பார்கள். ஒலிபெருக்கியில் பிளாட்ஃபார எண்ணைக் கேட்டு ஓடும்போது முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு ஓடாதே. பிளாட்ஃபாரத்துக்கு அங்கே 'க்ளைஸ்' என்று பெயர், இந்தச் சொல்லை விமானத்தில் ஏறும் முன்பே மனப்பாடம் செய்துகொள்.

இப்போது ஹாகன்.

பெர்லினில் ஒரு தோழியின் வளைகாப்புக்குப் போய்விட்டு டோர்ட்முண்டுக்குத் திரும்புகிறேன். ஐ.சி.இ. டிக்கெட், இரண்டு மாதம் முன்பே சலுகை விலையில் எடுத்தது. நல்ல ஜன்னல் சீட்டு பார்த்து உட்கார்ந்தேன். என் சீட்டு எந்தப் பெட்டியில் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது, கூட்டம் இல்லையே, எங்கே உட்கார்ந்தால் என்ன என்று இருந்துவிட்டேன். ஹாம் என்ற ஊர் வந்தது. அறிவிப்பு வந்தது. காதில் ஹெட்போன். ஹாமில் அந்த வண்டியை இரண்டாகக் கழற்றிவிடுவார்கள். ஒரு பாதி டோர்ட்முண்ட், போஹும், எஸ்ஸன், டூயிஸ்பூர்க் வழியாக டூஸ்ஸல்டார்ஃப் போகும். இன்னொரு பாதி ஹாகன், வூப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். பிளாட்ஃபாரத் திரையில் இரண்டு ஊர்ப் பெயரும் போட்டு எந்தப் பாதி எங்கே என்று காட்டியிருந்தார்கள். வண்டிக்குள் கதவுக்கு மேலேயும் போட்டிருந்தார்கள். நான் எதையும் படிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, ஹாமில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலில் பழக்கமான யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் போன் செய்தார். "எங்க நிக்கிறீங்கள் பிள்ளை?" என்றார். நான், "நிக்கலக்கா, உட்காந்துதான் இருக்கேன், ஜன்னல் சீட்டு" என்றேன். அவர் சிரித்து முடித்து, எந்த ஊரில் இருக்கிறாய் என்று விளங்கவைத்து, நான் எட்டிப் பார்த்தால் திரையில் அடுத்த நிறுத்தம் ஹாகன். இறங்கி, உள்ளூர் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்தேன். டொய்ச்லாண்ட்டிக்கெட் இருந்ததால் மேல்செலவு இல்லை, மானம் மட்டும்தான் போனது. ஈழத் தமிழர் பேச்சில் 'நிற்பது' என்றால் இருப்பது என்பதையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே நெடுந்தூர வண்டியில் ஏறும் முன் மூன்றைப் படி: க்ளைஸ் எண், பெட்டி எண், உன் பெட்டி பிளாட்ஃபாரத்தில் எந்த எழுத்துக்கு நேரே வரும் என்பது. ஏ முதல் பலகை தொங்கும். நம் ஸ்டேஷனில் எஸ்-5 எங்கே வரும் என்று போர்ட்டரைக் கேட்போமே, அந்தப் போர்ட்டர்தான் இந்த எழுத்து. 'உம்கெகேர்ட்டர் வாகன்ரைஹுங்' என்று அறிவிப்பு வந்தால் பெட்டிகள் இன்றைக்குத் தலைகீழ் வரிசை. எல்லாரும் ஓட ஆரம்பிப்பார்கள், நீயும் ஓடு. 'ஃபெல்ட் அவுஸ்' என்றால் வண்டி ரத்து. 'ஷீனன்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்' என்று ஒன்று வரும். ரயிலை விட நீளமான சொல், எஸ்.இ.வி. என்று சுருக்கமாகவும் எழுதியிருக்கும். தண்டவாள வேலை நடக்கிறது, பதிலுக்கு பஸ் விடுகிறோம் என்று பொருள். பஸ் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கும் என்று எதிர்பார்க்காதே, எங்கே நிற்கிறது என்று காட்ட அம்புக்குறி ஒட்டியிருப்பார்கள்.

ஜெர்மனி ரயில் என்றால் நொடி தவறாது என்று இங்கே எல்லாரும் நினைக்கிறார்கள். அத்தை அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாமதம் அங்கேயும் உண்டு, தாராளமாக உண்டு. வித்தியாசம், காசு திரும்ப வரும். போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் கால் பங்கு, 120 நிமிடமானால் பாதி, நாமே விண்ணப்பிக்க வேண்டும். சலுகை விலை டிக்கெட் அந்த ஒரே வண்டிக்குத்தான் செல்லும். ஆனால் போய்ச் சேர 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்து எந்த வண்டியிலும் ஏறலாம். ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. நாவிகேட்டர் செயலியில் இதெல்லாம் தெரியும்.

ஊர்ப் பெயரில் ஜாக்கிரதை. அரக்கோணம் பக்கம் ஒரு திருவாலங்காடு, நம் குத்தாலம் பக்கம் ஒரு திருவாலங்காடு இருக்கிற மாதிரி, அங்கே ஃபிராங்ஃபுர்ட் இரண்டு. மைன் ஆற்றங்கரையில் ஒன்று, விமான நிலையம் உள்ளது. போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் இன்னொன்று. மாற்றி டிக்கெட் எடுத்தால் நாட்டின் அந்தக் கோடிக்குப் போய்விடுவாய். விமான நிலையத்திலும் இரண்டு ரயில் நிலையம்: உள்ளூர் வண்டிக்கு ஒன்று, நெடுந்தூர வண்டிக்கு ஒன்று. நீ டோர்ட்முண்ட் பக்கம் வருவதானால் 'ஃபெர்ன்பான்ஹோஃப்' என்ற பலகையைப் பிடித்து நட.

நடப்பதற்கும் பாடம் உண்டு. வண்டிகள் வலப்பக்கம் ஓடும், எனவே ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கணும். இருபத்தைந்து வருடப் பழக்கம் கழுத்தை வலப்பக்கமே திருப்பும். நடைபாதையில் சிவப்புக் கல் பதித்த பட்டை இருந்தால் அது பெரும்பாலும் சைக்கிள் பாதை, அதில் பெட்டியோடு நின்று போன் பேசினால் மணியடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். எஸ்கலேட்டரில் வலப்பக்கம் நில், இடப்பக்கம் அவசரக்காரர்களுக்கு.

சைக்கிள் என்றதும் பொண்ணு முகம் மலர்ந்தது. ப்ளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஆற்றங்கரை முழுக்கச் சுற்றியவள். ஷிஃப்ட் வேலைக்குச் சைக்கிள் போல வேறில்லை, பழசு வாங்கினால் போதும். ஆனால் முன் விளக்கு, பின் விளக்கு, மணி, பிரேக் எல்லாம் சட்டப்படி இருக்கணும். போன் பேசிக்கொண்டே ஓட்டினால் 55 யூரோ, சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60 யூரோவும் அபராதப் புள்ளி ஒன்றும். ஆமாம், சைக்கிளுக்குத்தான்.

கார் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்க்கும் வேலைக்கு லைசென்ஸ் கேட்பார்கள். இந்திய லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் செல்லும். கூடவே மொழிபெயர்ப்போ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் புதிதாக எழுதணும். நம் நாட்டு லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள். ஆனால் செல்லுபடியாகும் இந்திய லைசென்ஸ் கையில் இருந்தால் ஒரு லாபம்: கட்டாயப் பயிற்சி வகுப்புகள் கிடையாது, எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுத்தால் போதும். அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் காசு கொடுக்கும்போது இதன் அருமை தெரியும். அதனால் கும்பகோணம் ஆர்.டி.ஓ. ஆபீசில் நான்கு சக்கர லைசென்ஸை இப்போதே எடுத்துவிட்டுப் போ. எடுத்ததோடு விடாதே, உங்க மாமா காரை வாங்கி ஒரு மாதம் நிஜமாகவே ஓட்டிப் பழகு. எழுத்துத் தேர்வு தமிழில் கிடையாது, ஆங்கிலத்தில் உண்டு. அதில் பெரும்பாலோர் கவிழ்வது ஒரே விதியில்: பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முதலில் வழி. அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும், நீ பெரிய தெருவில் வந்தாலும் அதே விதி. நம் ஊரில் பெரிய வண்டிக்கு வழி, அப்புறம் ஹாரன் பலமாக உள்ளவருக்கு வழி. அந்தக் கணக்கை இங்கேயே விட்டுவிட்டுப் போ.

பக்கத்து நாடுகளுக்குப் போகலாமா என்று கேட்டாள். ஜெர்மனி குடியிருப்பு அட்டை இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். பாரிஸில் லா சப்பேல் பக்கம் போய்ப் புடவை, முருங்கைக்காய் வாங்கி வரும் கூட்டம் எங்களிடம் உண்டு. லண்டன் அதில் சேர்த்தி இல்லை, தனி விசா. பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகவே கையில் இருக்கணும், போனில் இருக்கும் படம் போதாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, ரயிலுக்குள் ஏறியும் பார்ப்பார்கள்.

அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 110. இது போதும்.

ஹாம் கோயிலுக்கு எப்படிப் போவது என்று அத்தைதான் கேட்டார். 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில், ஊரிலிருந்து தள்ளி உவென்ட்ரோப் என்ற தொழிற்சாலைப் பகுதியில் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். கோடையில் தேர்த் திருவிழா, ஐரோப்பா முழுக்க இருந்து சனம் வரும். டோர்ட்முண்டிலிருந்து ஆர்.இ. 1 அல்லது ஆர்.இ. 6, ஹாமில் இறங்கி பஸ். 63 யூரோ டிக்கெட்டிலேயே முழுப் பயணமும் அடங்கிவிடும்.

நேற்று ராத்திரி அவள் போனில் அந்தச் செயலியை இறக்கச் சொன்னேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை டோர்ட்முண்டிலிருந்து கோயில் வரை ஒரு பயணம் போட்டு, எந்த வண்டி, எந்த க்ளைஸ், ஹாமில் எந்த பஸ், எத்தனை நிமிட இடைவெளி என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். தப்பாக எழுதினால் பரவாயில்லை, திண்ணையில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். ஹாகன் வரைக்கும் போக வேண்டியதில்லை.